கூடைக் கயிறும் தலைக்குள் தேங்கிய இரத்தமும்

கேள்வி: அட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன் டொக்டர். அம்மாவுக்கு 47 வயது, கொழுந்து பறிக்கிறார். ஒரு வருஷமாகத் தலைவலி, பெனடோலைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போய்வந்தார். போன மாதம் வலிப்பு வந்து விழுந்துவிட்டார். கண்டியில் முதல் ஸ்கேனைப் பார்த்துக் கட்டி என்றார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தபிறகு, பழைய இரத்தம், உள்ளே இரத்தக்குழாய்க் கோளாறு இருக்கலாம், ஒபரேஷன் வேண்டும் என்கிறார்கள். ஆனால் இரத்தக்குழாய்க்குள் மருந்து ஏற்றி எடுத்த அஞ்சியோகிராம் படத்தில் ஒன்றும் இல்லையாம். அப்புறம் எதற்கு ஒபரேஷன்? கூடைக் கயிறு தலையை அழுத்தியதால் வந்தது என்று லயத்தில் சொல்கிறார்களே?

பதில்: மகள், முதலில் கயிற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அம்மா ராத்திரியில் அதை நினைத்துத்தான் தூங்காமல் கிடப்பார். கயிற்றால் இது வரவில்லை. கொழுந்துப் பாரம் கழுத்தை வலிக்க வைக்கும், உச்சியில் முடியைத் தேய்த்துவிடும், அதெல்லாம் உண்மை. மூளைக்குள் இருக்கும் குழாயை அது கெடுக்காது.

படத்தை நான் பார்க்கவில்லை, நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிறேன். மூளைக்குள் சிலருக்கு மெல்லிய சுவருள்ள குழாய்கள் மல்பெரிப் பழம் போலக் கொத்தாக இருக்கும், கவெர்னோமா என்பார்கள். ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, பெரும்பாலானவர்களுக்குக் கடைசிவரை தெரியவே தெரியாது. அது லேசாகக் கசிந்தால் சில நேரம் அந்த இரத்தம் கரையாமல் தங்கி, அதைச் சுற்றி ஓர் உறை வளர்ந்துவிடும். தொல்லையே அந்த உறையில்தான். அதில் புதிதாக முளைக்கும் குழாய்கள் பலமில்லாதவை, அவை மறுபடி மறுபடி கசியக் கசிய உறை மாதக்கணக்கில் மெதுவாகப் பெருத்து, பக்கத்து மூளையையும் வீங்க வைக்கும். அதனால்தான் முதல் ஸ்கேனில் கட்டி போலத் தெரிந்திருக்கும். எம்.ஆர்.ஐ.யில் ஓரம் கறுப்பு வளையமாகத் தெரியும், பழைய இரத்தத்தின் இரும்புச்சத்து படிந்த கறை அது.

அஞ்சியோகிராமில் ஒன்றும் இல்லை என்றால் கோளாறே இல்லை என்று அர்த்தமில்லை. கவெர்னோமாவில் இரத்தம் மிக மெதுவாக ஊர்வதால் மருந்து அதற்குள் நிறைந்து படத்தில் விழாது. வேறு வகைச் சின்னக் கோளாறாக இருந்தாலும், தேங்கிய இரத்தம் அதை நசுக்கியோ உள்ளேயே உறைந்து அடைத்தோ மறைத்துவிடலாம். ஒபரேஷனில் இரத்தத்தை மட்டும் உறிஞ்சிவிட்டு உறையை விட்டுவைத்தால் திரும்பவும் சேரக்கூடும் என்பதால், முடிந்தவரை உறையோடு சேர்த்தே எடுப்பார்கள். எடுத்ததை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் பயோப்சி சோதனைக்கு அனுப்பும்போதுதான் ஒளிந்திருந்த குழாய்க் கொத்து பல நேரம் கண்ணில் படும். அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, கிளினிக் கொப்பியோடு பத்திரமாக வையுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கவெர்னோமா இருந்தாலோ, சொந்தத்தில் வேறு யாருக்கும் வலிப்பு இருந்தாலோ டொக்டரிடம் சொல்லுங்கள், பரம்பரையாக வரும் வகையும் உண்டு. அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ஒபரேஷன் தேதி வரும்வரை வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள், வலிப்பு வரவில்லையே என்று நிறுத்துவதுதான் ஆபத்து. டொக்டரைக் கேட்காமல் அஸ்பிரின் கொடுக்க வேண்டாம். விறகடுப்புப் பக்கம் தனியாக விடாதீர்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் கரண்டியோ சாவியோ வைக்காதீர்கள். 5 நிமிடத்தில் நிற்காவிட்டாலும், திடீரென்று பேச்சு குழறினாலும், கை கால் விழுந்தாலும் 1990-க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். லயம் வரை வண்டி வராது என்றால் எந்த ரோட்டு முனைக்கு வரச் சொல்வது என்பதை இன்றைக்கே பேசி வையுங்கள்.