கொரிய மொழியின் 'கிட்ட'

அன்புள்ள ஐயா,

ஓராண்டாகக் கொரிய மொழி படிக்கிறேன். நம் 'கு' ஒன்றுக்கு அவர்களிடம் எகே, ஹான்தே, க்கே, எ என்று நான்கு இருக்கின்றன. "அம்மாவுக்கு உடை வாங்கினேன்" என்று எழுத அம்மாவோடு ஹான்தே சேர்த்தேன். "அம்மா துணிக்கடை வைத்திருக்கிறாரா?" என்று ஆசிரியை சிரித்துவிட்டார். எங்கே தவறினேன்?

ச.

அன்புள்ள ச.,

நீங்கள் எழுதியது அவர் காதில் "அம்மாகிட்ட உடை வாங்கினேன்" என்று விழுந்திருக்கும்.

ஹான்தேயை 'கு' என்று மனப்பாடம் செய்ததுதான் வினை. 'கிட்ட' என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாகிட்ட கொடுத்தேன், அம்மாகிட்ட வாங்கினேன். பொருள் எந்தப் பக்கம் போகிறது என்பதை வினைச்சொல்தானே சொல்கிறது? ஹான்தேயும் அப்படித்தான். 'இருந்து' என்று தெளிவாக்க ஹான்தேசொ உண்டு. பேச்சில் அந்தச் 'சொ' பெரும்பாலும் உதிர்ந்துவிடும். நீங்கள் 'வாங்கிக் கொடுத்தேன்' என்று எழுதியிருந்தால் சிக்கலே இல்லை. கொடுத்தலுக்கான ஜுதா பின்னால் வந்ததும் அதே ஹான்தே அம்மாவைப் பெறுபவர் ஆக்கிவிடும்.

ஹான்தே பேச்சுக்கு, எகே எழுத்துக்கு. நம் 'கிட்ட', 'இடம்' போலவே. இதில் எனக்குப் பிடித்தது ஒன்று: எகேயின் வேரைத் தேடிப் போனால், இடைக்காலக் கொரியத்தில் 'அங்கே' என்று பொருள்படும் சொல்லில் போய் நிற்கிறது. ஆளைச் சுட்ட அவர்களும் ஓர் இடத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

ஆனால் ஒப்புமையை ரொம்ப இழுக்காதீர்கள். நாய்க்குச் சோறு வைத்தால் எகேயோ ஹான்தேயோ, செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் எ. அதுவரை சரி. நாம் "அரசிடம் கோரினோம்" என்போம். கொரியர்களுக்கு அரசு ஆள் இல்லை, அங்கே எ-தான். பாட்டிக்கோ ஆசிரியருக்கோ க்கே. அதோடு ஜுதாவை விட்டுவிட்டு தூரிதா என்ற பணிவு வினைக்கு மாறவேண்டும். உருபில் மரியாதை காட்டி வினையில் விட்டால் காதில் உறுத்தும்.

நம்மிடம் இருந்து அவர்களிடம் இல்லாததும் உண்டு. "பணத்தை அம்மாவுக்குக் கொடுத்தேன்" என்றால் பணம் அம்மாவுடையது. "அம்மாவிடம் கொடுத்தேன்" என்றால் நாளை திருப்பிக் கேட்கலாம். கொரியத்தில் உருபை மாற்றி இதைச் சொல்ல முடியாது. பத்திரமாக வைத்திருக்கக் கொடுத்தீர்கள் என்றால் ஒப்படைத்தலுக்கான மாத்கிதா என்ற வேறு வினையைத்தான் எடுக்கவேண்டும்.