வளையலில் சுற்றிய நூல் விலகினால்

பிளாஸ்டிக் வளையலில் நூல் சுற்றினா ரெண்டே நாளில் விலகி அடிநிறம் தெரியுது, பசையும் திட்டுத் திட்டா நிக்குதுன்னு கேட்டிருந்தீங்க. பசையைக் கூட்டினா இது சரியாகாதுங்க. வளையலோட வெளிச்சுற்று உள்சுற்றைவிடப் பெரிசு. உள்ளே நெருக்கமா இருக்கிற இழை வெளியே வந்ததும் விரிஞ்சுடும். அதனால ஒவ்வொரு சுற்றும் உள்பக்கம் முந்தின சுற்று மேல கொஞ்சம் ஏறணும், வெளியே பக்கத்துப் பக்கத்துல ஒட்டி உட்காரணும். நாலஞ்சு சுற்றுக்கு ஒருமுறை நகத்தால நெருக்கித் தள்ளுங்க.

சுற்றுறதுக்கு முன்னாடி உப்புத்தாளால தேய்ச்சு வழவழப்பை எடுத்துட்டு, நூல் நிறத்திலேயே பெயின்ட் அடிச்சுடுங்க. லேசா விலகினாலும் தெரியாது. பசை உள்பக்கம் மட்டும், மெல்லிசா, ஒரு விரல் அகலத்துக்குத் தடவித் தடவிப் போங்க. வெளிப்பக்கம் பட்டா நூல் உறிஞ்சிக் கறையாகிடும். நுனியையும் உள்பக்கமே ஒட்டி, கிளிப் மாட்டி ராத்திரி முழுக்கக் காயவிடுங்க.