நப்பின்னை என்ற பெயரின் பொருள் என்ன? இந்தக் காலத்தில் பெண் குழந்தைக்கு வைக்கலாமா?

என் மகளின் பெயர் நப்பின்னை. அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. கொஞ்சம் சார்பும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பொருள் என்ன, எங்கிருந்து வந்தது, யாராவது வைக்கிறார்களா என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள்.

பொருள் எளிது. 'பின்னை' என்றால் பின்னால் பிறந்தவள், இளையவள். தெலுங்கில் சிறியதை 'பின்ன' என்பார்கள், சித்தியைப் 'பின்னி' என்பார்கள். முன்னால் நிற்கும் 'ந' சிறப்பைக் காட்டுவது. பழைய தமிழில் பெயருக்கு முன்னால் இதைப் போடுவது வழக்கம்தான். கீரர் நக்கீரர் ஆனார். முல்லைப்பாட்டு பாடியவர் நப்பூதனார், சிறுபாணாற்றுப்படை பாடியவர் நத்தத்தனார். பெண்களிலும் உண்டு. குறுந்தொகையில் காக்கையைப் பாடிப் புகழ்பெற்றவர் நச்செள்ளையார், புறநானூற்றில் மாறோக்கத்து நப்பசலையார். ஆக, நப்பின்னை என்றால் நல்ல பின்னை, அருமையான இளையவள். எங்கள் வீட்டில் இரண்டாவது பெண் என்பதால் இந்தப் பெயர் அப்படியே பொருந்திவிட்டது. மூத்த பெண்ணுக்கு வைத்தாலும் யாரும் வழக்குப் போடப் போவதில்லை.

இனி ஆள் யார் என்பதற்கு வருவோம். நப்பின்னை கண்ணனின் மனைவி. ராதையைத் தெரிந்த அளவுக்கு இவளை இன்று பலருக்குத் தெரியாது. ஆனால் தமிழில் கண்ணனுக்குப் பக்கத்தில் நெடுங்காலம் நின்றவள் இவள்தான். சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை நினைவிருக்கிறதா? மதுரைக்கு வெளியே ஆயர்பாடியில் பால் உறையவில்லை, வேறு தீய குறிகளும் தெரிகின்றன. ஏதோ கெட்டது வரப்போகிறது என்று, கண்ணகிக்கு இடம் கொடுத்த ஆயர்குலப் பெண் மாதரி பயந்துபோய்க் குரவைக் கூத்து ஆட ஏற்பாடு செய்கிறாள். ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி ஏழு சுரங்களின் பெயர் வைக்கிறாள். குரல் என்ற பெண்ணை மாயவன் என்கிறாள், இளியைப் பலராமன் என்கிறாள், துத்தத்தைப் பின்னை என்கிறாள். அந்தக் காப்பியத்தில் 'பிஞ்ஞை' என்ற வடிவமும் வரும். மணிமேகலையிலும் அதே பிஞ்ஞை. சீவக சிந்தாமணியில் கோவிந்தையைச் சீவகனுக்குக் கொடுக்க முன்வரும்போது அவள் தந்தை, 'குலம் பார்க்காதே, திருமால் நப்பின்னையை ஏற்கவில்லையா' என்ற பொருளில் பேசுகிறார். சமண முனிவர் எழுதிய காப்பியத்திலேயே இவளை மேற்கோள் காட்டிப் பெண் கொடுக்கிறார்கள் என்றால், அன்றைக்கு இவள் எவ்வளவு தெரிந்த ஆள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கதை இது. யசோதையின் அண்ணன் கும்பனின் மகள் இவள். அதாவது கண்ணனுக்கு மாமன் மகள், முறைப்பெண். அவள் வீட்டில் அடங்காத ஏழு காளைகள். அவற்றை அடக்குபவனுக்கே பெண் என்று நிபந்தனை. கண்ணன் ஏழையும் தழுவி அடக்கி அவளைக் கைப்பிடித்தான். பாகவதத்திலும் ஏழு காளைகளை அடக்கி மணக்கும் கதை இருக்கிறது, ஆனால் அங்கே அவள் கோசல மன்னன் நக்னஜித்தின் மகள். தமிழில் அவள் அரண்மனைப் பெண் இல்லை, ஆயர்குடிப் பெண். முல்லை நிலத்து ஏறு தழுவலும் மாமன் மகள் உறவும் அப்படியே ஒட்டிக்கொண்ட கண்ணன் கதை இது.

ஆனால் நான் இந்தப் பெயரில் விழுந்தது திருப்பாவையால்தான். ஆயர் பெண்கள் நந்தகோபன் வீட்டுக்குப் போய், நந்தகோபன், யசோதை, கண்ணன், பலதேவன் என்று ஒவ்வொருவராக எழுப்பிப் பார்க்கிறார்கள். கதவு திறக்கவில்லை. அப்புறம்தான் நப்பின்னையைக் கூப்பிடுகிறார்கள். 18, 19, 20 என்று மூன்று பாட்டு அவளுக்கே. 18-ஆம் பாட்டில் 'நந்தகோபாலன் மருமகளே நப்பின்னாய்' என்கிறாள் ஆண்டாள். கண்ணனின் மனைவி என்று சொல்லவில்லை, இன்ன வீட்டு மருமகள் என்கிறாள். நம் தெருக்களில் இன்றும் அப்படித்தானே புது மருமகளை அடையாளம் சொல்கிறோம். அதே பாட்டில் கண்ணனை 'உன் மைத்துனன்' என்கிறாள். அந்த முறைப்பெண் கதை ஒரு சொல்லில் வந்துவிடுகிறது. 'பந்தார் விரலி' என்றும் ஒரு விளி. கையில் பந்தோடு தூங்குகிறாள் இவள். ஒரு கையில் கண்ணன், மறு கையில் பந்து என்று உரைகாரர்கள் ரசித்து விளக்குவார்கள்.

19-ல் ஆண்டாள் சண்டைக்கே வந்துவிடுகிறாள். 'நீ உன் மணாளனை எத்தனை போதும் துயிலெழ ஒட்டாய் காண்' என்கிறாள். உன் புருஷனை எழுந்திருக்கவே விடமாட்டாய் போலிருக்கிறதே, அவனை ஒரு நொடி பிரிந்தால்கூடத் தாங்கமாட்டாயா, இது உனக்கே நியாயமா என்று கேலியும் கோபமுமாக ஒரு பேச்சு. விசிறியும் கண்ணாடியும் கொடுத்து அவனையும் அனுப்பு என்று 20-ல் கேட்கிறாள். பக்திப் பாட்டில் இவ்வளவு மனித வாடையோடு வரும் பெண் பாத்திரங்கள் குறைவு. சாமி பெயர் என்பதை விட, ஒரு தூக்கக்காரி, விளையாட்டுக்காரி, அழுத்தக்காரியின் பெயர் என்றே எனக்குப் படுகிறது. என் மகளுக்கு இந்த மூன்றும் இருக்கின்றன.

இராமானுசரைத் திருப்பாவை ஜீயர் என்பார்கள். 18-ஆம் பாட்டைச் சொல்லிக்கொண்டே பிச்சைக்குப் போனவர், 'செந்தாமரைக் கையால் சீரார் வளை ஒலிப்ப வந்து திறவாய்' என்ற இடத்துக்கு வந்தபோது அவருடைய குரு பெரிய நம்பியின் மகள் அத்துழாய் வளை ஒலிக்கக் கதவைத் திறந்தாளாம். நப்பின்னையே வந்துவிட்டாள் என்று அவர் மயங்கி விழுந்தார் என்பது வைணவர்கள் சொல்லும் கதை.

இவ்வளவு இருந்தும் ஏன் யாரும் வைப்பதில்லை? வகுப்பிலோ அலுவலகத்திலோ இன்னொரு நப்பின்னையை நானும் பார்த்ததில்லை, என் மகளும் பார்த்ததில்லை. கோதை உண்டு, பூங்கோதை உண்டு, ஆண்டாள்கூட உண்டு. என் கணிப்பு இதுதான்: இரண்டு தரப்புமே இவளைத் தனதாக்கிக்கொள்ளவில்லை. வைணவ மரபில் இவள் திருமாலின் தேவியரில் ஒருத்தியான நீளா தேவி ஆகிவிட்டாள். திருப்பாவைக்கு முன்னால் சொல்லும் பராசர பட்டரின் தனியனே, அதாவது வணக்கப் பாட்டே, 'நீளா' என்றுதான் தொடங்குகிறது. உள்ளே மூன்று பாட்டிலும் நப்பின்னை, வாசலில் நீளா. வீட்டில் பெயர் வைக்கும்போதும் வடமொழி வடிவத்துக்கே மதிப்பு அதிகம். மறுபக்கம், 1916-ல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் வழியில் தமிழ்ப் பெயர் தேடுகிறவர்கள் கயல்விழி, யாழினி, இலக்கியா என்று போகிறார்கள். அவர்களுக்கு இது சாமி பெயராகத் தெரிகிறது. சரி, ஓசையும் ஒரு காரணம்தான், மறைக்க வேண்டாம். 'ப்பி'யும் 'ன்னை'யும் அடுத்தடுத்து வருவதால் முதல் தடவை கேட்கிறவர்கள் தடுமாறுவார்கள்.

வைக்கலாமா என்றால், என் பதில் தாராளமாக வைக்கலாம். ஆனால் சில தொல்லைகளைத் தெரிந்துகொண்டு வையுங்கள். பள்ளியில் 'நாப்கின்' என்று கூப்பிடுவார்கள், நிச்சயம். என் மகள் ஒரு வாரம் அழுதுவிட்டு, அப்புறம் கூப்பிட்ட பையனுக்குப் பதில் பட்டம் வைத்துவிட்டாள். செல்லமாக 'நப்பி' என்று சுருக்காதீர்கள், கஞ்சனை அப்படித்தான் சொல்வார்கள். லண்டன், சிட்னி பக்கம் இருக்கிறீர்கள் என்றால் இன்னும் கவனம். அங்கே குழந்தைக்குக் கட்டும் டயப்பருக்கு 'நாப்பி' என்று பெயர். அந்த ஊர்களில் இருப்பவர்கள் 'பின்னை' என்று மட்டும் வைப்பது நல்லது. பெரியாழ்வாரே 'பின்னை மணாளனை' என்றுதான் பாடுகிறார், அதனால் குறைச்சல் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டிலும் கூப்பிடுவது பின்னை. என் மாமியார் மட்டும் முழுப் பெயரையும் ராகம் போட்டுத்தான் சொல்வார்.

நட்சத்திரம் பார்க்கிற குடும்பமாக இருந்தால் அனுஷத்துக்கு ந, நி, நு, நே என்ற எழுத்துகள் வரும், அதில் முதல் எழுத்துக்கே பொருந்திவிடும். எண்கணிதக்காரரிடம் மட்டும் போகாதீர்கள். அவர் இன்னொரு 'ப்' சேர்க்கச் சொல்வார்.

ஆங்கில எழுத்தில் எழுதும்போது நடுவில் பி இரண்டு, என் இரண்டு என்று முதல் நாளே முடிவு செய்து பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி என எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கொடுங்கள். எங்களுக்கு ஓர் அலுவலகத்தில் ஒரு பி-யை விழுங்கிவிட்டார்கள், திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பெயரை முடிவு செய்ய அவசரமும் இல்லை. பிறப்பை மட்டும் முதலில் பதிந்துவிட்டு, ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குள் வீட்டுப் பெரியவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் அத்துழாய் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். அதைக் கேட்ட பிறகு நப்பின்னையே பரவாயில்லை என்று சொல்லிவிடுவார்கள்.