கோதமியின் கையில் உடல் இருந்தது

கேள்வி: எங்கள் ஊர்ப் பொதுமண்டபத்தில் இளம் ஓவியர் ஒருவர் தன் படங்களைக் காட்சிக்கு வைத்தார். பௌத்தக் கருணைதான் கருப்பொருளாம். பெரிய படத்தில் கிசா கோதமி, வன்னித் தாய் ஒருத்தியின் முகத்தோடு, தறப்பாள் கொட்டில் வாசலில் வெறுங்கிண்ணத்தை ஏந்தி நிற்கிறாள். "எங்கள் காணிக்குள் சிலை வைப்பவர்களின் கதை எங்களுக்கு எதற்கு?" என்று பெரியவர்கள் சத்தமிட்டார்கள். உங்கள் கருத்து என்ன?
– வாசகர் ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: பெரியவர்களின் கோபம் விளங்குகிறது. விகாரைக்காகக் காணித் தகராறு நடக்கும் முல்லைத்தீவுக் குருந்தூர்மலையின் அயலில் இருப்பவர்களுக்குப் புத்தர் என்றதும் எல்லைக்கல்லும் பொலிஸ் காவலும்தான் கண்முன் வரும். அதற்காக வீட்டுப் பெட்டகத்தையும் சேர்த்தா வீதியில் எறிவது? 'உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே' என்ற மணிமேகலை எந்த மொழியில் இருக்கிறது? அட்சயபாத்திரத்தோடு சிறைக்குள் போய்ப் பசித்தவர்களுக்குச் சோறிட்டு, பிறகு மன்னனிடம் கேட்டு அந்தச் சிறையையே அறக்கோட்டமாக மாற்றியவள் நம்முடைய பெண். அவள் அந்தப் பாத்திரத்தைப் பெற்ற மணிபல்லவம் நயினாதீவுதான் என்று சொல்பவர்களும் நம்மவர்களே. சிலை வைக்க வருகிறவர்களிடம் சாத்தனாரையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டாம்.

ஓவியரோடும் எனக்கு வழக்கு உண்டு. முதலில் அந்தக் கிண்ணம். இறந்த பிள்ளைக்கு மருந்து கேட்ட கோதமியிடம், சாவே நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கிவரச் சொன்னார் புத்தர். கடுகு இல்லாத வீடு கதையில் இல்லை, கொடுக்கக் கை நீட்டினார்கள், "இந்த வீட்டில் யாரும் இறந்ததுண்டா?" என்று கேட்டபிறகுதான் அவளால் வாங்க முடியாமல் போனது. கிண்ணம் வெறுமையானது அப்படித்தான். படத்தில் அது நிவாரணத்துக்கு வரிசையில் நிற்பவளின் கிண்ணம்போல இருக்கிறதென்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது.

பெரிய பிழை வேறு. கோதமியின் கையில் பிள்ளையின் உடல் இருந்தது. அவள் அதைச் சுடுகாட்டில் விட்டுவரப் பழகினாள். கதை அங்கே ஆறுதலடைகிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 முதல் உட்கார்ந்த தாய்மார் எதை விட்டுவர? அவர்கள் கையில் இருப்பது பிளாஸ்டிக் உறையிட்ட புகைப்படம். வெயிலில் நிறம் மங்கிவிடுகிறது, ஓரம் சுருள்கிறது, புதிதாகப் படியெடுத்து மறுபடி உறையிடுகிறார்கள். அவர்கள் மருந்து கேட்கவில்லை. போர் முடிவில் படையினரிடம் கையால் ஒப்படைத்த பிள்ளை எங்கே என்று கேட்கிறார்கள். அவர்களிடம் போய் 'சாவில்லாத வீடு உண்டா தாயே' என்றால், அது மரணச் சான்றிதழை நீட்டுகிற அதிகாரியின் பேச்சாகிவிடும். தம்பி அதை நினைத்து வரைந்திருக்க மாட்டார். ஆனால் படம் அப்படித்தான் பேசுகிறது.

பௌத்தம் முதலில் சொன்ன உண்மை துக்கம் இருக்கிறது என்பது. துக்கம் ஓய்வது என்பது அதன் நான்கு உண்மைகளில் மூன்றாவதாகத்தான் வருகிறது. நம்மில் பலர் தூரிகையைத் தொட்டதும் மூன்றாவதற்குத் தாவிவிடுகிறோம்: மூடிய கண், தாமரை, பின்னால் முள்வேலி. (இந்த முள்வேலியை எத்தனை அட்டைப்படங்களில்தான் பார்ப்பது!) சாஞ்சியிலும் அமராவதியிலும் பழைய சிற்பிகள் பல இடங்களில் புத்தரின் உருவத்தைச் செதுக்கவேயில்லை. வெறும் ஆசனம், கல்லில் பதிந்த பாதம், மரத்தடி, சுற்றிலும் கைகூப்பியவர்கள். இல்லாத ஒருவரை இருக்கிறவராகக் காட்டும் வித்தை அது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த வித்தை, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதிரை காலியாக இருக்கும் வன்னிக்கு உதவாமல் வேறு எந்த ஊருக்கு உதவும்?

பாத்திரம்தான் வேண்டுமென்றால் மே மாதத்தில், போரின் கடைசி நாட்களை நினைந்து கஞ்சி கொடுக்கும்போது, முள்ளிவாய்க்காலுக்குப் போய்ப் பார்க்கட்டும். அரிசி, தண்ணீர், உப்பு, சிரட்டையில் கஞ்சி. வாங்குகிறவர்கள் உடனே குடிப்பதில்லை, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த நிற்பை வரையட்டும்.

சத்தத்துக்குப் பயந்து படத்தைக் கழற்றிவிட்டார்களா என்று நீங்கள் எழுதவில்லை. கழற்றியிருந்தால் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். நான் சொன்ன குறை சரிதானா என்று பார்ப்பதற்காவது அது சுவரில் இருக்க வேண்டும்.