கத்தி யார் கையில் இருந்தது?

கேள்வி: 17 வயதான என் மகன், மூத்த நண்பர்கள் இருவருடன் பைக்கில் போனபோது அவர்கள் கத்தியைக் காட்டிச் செல்போன் பறித்ததாக வழக்கு. மகன் கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான். போலீசார் எங்களை அவமானப்படுத்தினார்கள். நண்பர்களின் குடும்பத்தார் செல்வாக்கால் தப்பப் பார்க்கிறார்கள். அவன் வயதை மீறிய பக்குவம் உள்ளவன் என்று எடுத்துச் சொன்னால் இளைஞர் நீதிக் குழுமம் இரக்கம் காட்டுமா?

பதில்: அவமானமும் செல்வாக்கும் இந்த வழக்கின் போக்கை மாற்றப் போவதில்லை, அவற்றை ஒதுக்கி வையுங்கள். கத்தி யார் கையில் இருந்தது என்பதே கேள்வி.

குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டோ அதற்கு மேலோ என்றுள்ள கொடுங்குற்றமாக இருந்து, பையனுக்கு 16 வயது முடிந்திருந்தால்தான், அவனைப் பெரியவராக விசாரிக்கலாமா என்ற முதல்நிலை மதிப்பீட்டுக்கு 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இடம் தருகிறது. பி.என்.எஸ். (இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 311ஆம் பிரிவு, அதாவது உயிரைப் பறிக்கக்கூடிய ஆயுதத்தைப் பயன்படுத்திக் கொள்ளையடிப்பது, அத்தகையது. வெறும் கொள்ளைக்கான 309(4) அப்படியல்ல. அதற்கு 10 ஆண்டு வரை, நெடுஞ்சாலையில் இரவில் என்றால் 14 ஆண்டு வரை தண்டனை உண்டே தவிர, குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. அதிகபட்சத்தை வைத்து ஒரு குற்றத்தைக் கொடுங்குற்றமாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்துவிட்டது. 311க்கு முன்னோடியான, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 397ஆம் பிரிவோ, ஆயுதத்தைப் பயன்படுத்தியவரை மட்டுமே பிடிக்கும், உடனிருந்தவரைப் பிடிக்காது என்பது 1975 முதல் நிலைத்த சட்டம். ஆனால் எதிராளி மிரளும்படி கையில் ஏந்தியிருந்தாலே அது பயன்படுத்தியதுதான். முதல் தகவல் அறிக்கையில் "மூவரும் கத்தியைக் காட்டி" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால், புகார்தாரரின் வாக்குமூலத்தையும் கத்தி கைப்பற்றிய மகஜரையும் வாங்கிப் பார்த்து, மதிப்பீடு தொடங்கும் முன்பே 311 உங்கள் மகனுக்குப் பொருந்தாது என்று மனு செய்யச் சொல்லுங்கள்.

என் கட்சிக்காரர்கள் பலர் விழுந்த குழி, நீங்கள் கேட்ட அந்தக் கடைசிக் கேள்வியில்தான் இருக்கிறது. நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து சமூக விசாரணை அறிக்கைக்காக விசாரிக்கும்போது, "எதையும் யோசித்துத்தான் செய்வான், வீட்டுக்கே அவன்தான் பெரியவன்" என்று தாய் பெருமையாகச் சொல்வார். அது அப்படியே அறிக்கையில் ஏறும். மதிப்பீட்டில் குழுமம் பார்ப்பது, குற்றம் செய்யும் மன, உடல் திறன் அவனுக்கு இருந்ததா, விளைவை அவன் உணர்ந்திருந்தானா, எந்தச் சூழலில் அது நடந்தது என்பவற்றைத்தான். பிள்ளைக்காகப் பேசுவதாக நினைத்து, அவனைப் பெரியவராக விசாரிக்கக்கூடிய குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டிய சான்றைத் தாயே தந்துவிடுகிறார். படிப்பு, வீட்டு நிலைமை, அந்த நண்பர்கள் எப்படிப் பழக்கமானார்கள் என்பவற்றை உண்மையாகச் சொல்லுங்கள். பக்குவத்துக்குச் சான்றிதழ் தராதீர்கள். மகனின் மனநிலையை உளவியல் நிபுணரைக் கொண்டு மதிப்பிடவும் கேளுங்கள்.

புகார்தாரரிடம் பணம் பேசப் போகாதீர்கள். இது சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்றமல்ல, போனால் ஜாமீனும் கெடும். 311 விலகி, மகன் உடனிருந்தது உண்மை என்றால், முழு விடுதலைதான் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் இழுக்காமல், உங்கள் பொறுப்பில் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடும் உத்தரவு கிடைத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். குழுமம் தரக்கூடிய மிகக் கடுமையான உத்தரவே சிறப்பு இல்லத்தில் 3 ஆண்டுதான். அதன்பின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி வேலைக்கோ படிப்புக்கோ தகுதியிழப்பு இல்லை. பெரியவராக விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி என்று தீர்ப்பானால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஆகவே மதிப்பீடு பாதகமாக முடிந்தால், 30 நாளுக்குள் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்துவிடுங்கள்.