பிஎச்.டி.யில் பாக்டீரியாவை மட்டுமே படித்தவர், நோயெதிர்ப்பு ஆய்வகத்தில் போஸ்ட்டாக் சேரலாமா?

ஐந்தாறு வருடம் பாக்டீரியாவோடு மட்டுமே இருந்துவிட்டு, இப்போது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணிக்கு இப்படியொரு வாய்ப்பு வந்ததும் தயங்கி நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் நின்றேன். சேருங்கள். ஆனால் முதல் வருடத்தில் கட்டுரை எதுவும் வராது என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டு சேருங்கள்.

என் பிஎச்.டி. முழுக்க எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது மெதிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத ஒரு பாக்டீரியாதான். மெதிசிலின் 1959இல் புழக்கத்துக்கு வந்தது, 1961இலேயே அதற்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பதிவாகிவிட்டது. அந்த வகையை வளர்ப்பது, மருந்து கொடுப்பது, எந்த அளவில் சாகிறது என்று பார்ப்பது, அவ்வளவுதான் என் உலகம். பாக்டீரியா நமக்காகக் காத்திருக்கும். உறையவைத்தால் அடுத்த வருடம்கூட எடுத்து வளர்க்கலாம். நோயெதிர்ப்பு ஆய்வகத்தில் கையாளும் நியூட்ரோஃபில், அதாவது கிருமியை விழுங்கும் வெள்ளணு, காத்திருக்காது. ரத்தம் எடுத்த அன்றே வேலை முடிய வேண்டும். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜில் பிரேக்கை அணைக்க மறந்தால் போச்சு, சிவப்பணுக்களுக்கு மேலே வெளிறித் தெரியும் நியூட்ரோஃபில்களின் மெல்லிய பட்டை கலங்கிவிடும். ரத்தம் கொடுத்தவரிடம் போய் மறுபடி கையை நீட்டச் சொல்ல வேண்டும்.

அங்கே நான் எடுத்துக்கொண்ட கேள்வி இது: டாப்டோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத பாக்டீரியாத் திரிபு, நம் உடலின் தாக்குதலையும் தாங்குமா? கேட்கக் காரணம் இருந்தது. எம்.பி.ஆர்.எஃப். என்ற ஜீன் பாக்டீரியாவின் சவ்வில் நேர்மின்னேற்றத்தைக் கூட்டுகிறது. அந்த ஜீனில் வரும் சில மாற்றங்களால் டாப்டோமைசின் வலுவிழக்கிறது. நியூட்ரோஃபிலுக்குள் இருக்கும் கிருமிக்கொல்லிப் பெப்டைடுகள் பலவும் நேர்மின்னேற்றம் கொண்டவைதான். அப்படியானால் நேர்மின்னேற்றமுள்ள அந்த ஒரே கவசம் இரண்டையும் தள்ளித் தடுக்கலாமே?

எட்டு மாதம் செய்தேன். பாக்டீரியா, நியூட்ரோஃபில், சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) மூன்றையும் கலந்து ஒரு மணி நேரம் சுழலவிட்டு, செல்களை உடைத்து, பிளேட்டில் பரப்பி, மறுநாள் காலை காலனிகளை, அதாவது உயிர்தப்பிய பாக்டீரியா வளர்ந்து உண்டாக்கிய புள்ளிகளை, எண்ண வேண்டும். ஒவ்வொரு முறையும் மருந்துக்கு அடங்கும் சாதாரணத் திரிபு, அடங்காத எதிர்ப்புத் திரிபு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. என் யூகமே தவறு என்று எழுதி முடிக்கும் நிலைக்கு வந்துவிட்டேன்.

அங்கிருந்த மூத்த டெக்னீஷியன் ஒருநாள் ஃப்ரீசரில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தவர், என் சீரக் குழாய்களைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதைச் சூடுபடுத்தியிருக்கிறார்களே, இதிலா செய்கிறாய்?" என்றார். மூடியில் மங்கிப்போன 56 என்ற எண். சீரத்தை 56 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் காம்ப்ளிமென்ட் புரதங்கள் செயலிழந்துவிடும். கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு 'இதை விழுங்கு' என்று நியூட்ரோஃபிலுக்கு அடையாளம் காட்டுபவற்றில் முக்கியமானவை அவை. புதிய சீரத்தில் செய்தேன். மறுநாள் சாதாரணத் திரிபின் பிளேட்டில் 38 காலனி, எதிர்ப்புத் திரிபில் 140க்கு மேல். நின்ற இடத்திலேயே மூன்று முறை எண்ணினேன்.

'கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்கும் குழாய்) வைக்காமலா எட்டு மாதம் செய்தாய்?' என்று யாராவது கேட்பார்கள். வைத்தேன். நியூட்ரோஃபில் இல்லாத குழாய் ஒவ்வொரு முறையும் இருந்தது. வேலை செய்யும் என்று தெரிந்த சீரம் போட்ட குழாய்தான் இல்லை. பாக்டீரியாவை மட்டும் வளர்த்துப் பழகிய எனக்கு அப்படி ஒன்று தேவை என்றே தோன்றவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். கட்டுரை வந்தபோது அந்த டெக்னீஷியனின் பெயர் ஆசிரியர் பட்டியலில் இல்லை, நன்றி சொல்லும் பகுதியில் அரை வரியாக இருந்தது. நான் கேட்டேன், 'வழக்கமில்லை' என்றார்கள். ஒருமுறைகூட எங்கள் பிளேட்டைப் பார்க்காதவரின் பெயர் பட்டியலில் இருந்தது. இன்றும் அந்தக் கட்டுரையை யாராவது பாராட்டினால் எனக்கு உறுத்துகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மருந்தின் திறனை வழக்கமாக வளர்ப்பூடகத்தில்தான் அளக்கிறோம், அதில் நோயெதிர்ப்புச் செல் ஒன்றுகூட இருக்காது. எலியை மட்டும் நம்பவும் முடியாது: பி.வி.எல். என்ற ஸ்டெஃபைலோகாக்கஸ் நச்சு மனித நியூட்ரோஃபில்களையும் முயலின் நியூட்ரோஃபில்களையும் கொல்கிறது, எலியுடையதை அநேகமாகத் தொடுவதே இல்லை. பாக்டீரியா, நோயெதிர்ப்புச் செல் இரண்டும் தெரிந்தவர்கள் இந்தத் துறைக்குத் தேவைப்படுவது இதனால்தான். உங்கள் பாதி அறிவு ஏற்கெனவே கையில் இருக்கிறது.

நேர்காணலுக்குப் போனால் பேராசிரியரோடு மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். அங்கே தினமும் ரத்தத்தைப் பிரிப்பது யார் என்று கேட்டு, அவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். அப்புறம் முடிவெடுங்கள்.