தம்பியை மனநல டாக்டரிடம் காட்டுவதை ஊருக்கு மறைக்க வேண்டுமா?

தங்கைக்கு வரன் பார்க்கிற நேரத்தில் தம்பியை மனநல டாக்டரிடம் காட்டினால் ஊர் பேசுமே, மதுரைக்குப் போய் ரகசியமாகக் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர் பேசும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனாலும் மதுரைக்குப் போகாதீர்கள்.

எங்களுக்குத் திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவி பக்கம். என் தம்பி பாலிடெக்னிக் படிக்கும்போது ராத்திரித் தூக்கம் போனது. தெருவில் யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் என்பான். சோற்றில் மருந்து வைத்திருக்கிறோம் என்று தட்டைத் தள்ளுவான். பிஸ்கட் பாக்கெட்டைக்கூட அவன் கையால் பிரித்தால்தான் தின்பான். கோட்டி பிடித்துவிட்டது என்றார்கள், செய்வினை என்றார்கள். கயிறு கட்டினோம். சங்கரன்கோவிலில் கோமதியம்மன் சன்னதி முன்னால் இருக்கிற ஸ்ரீசக்கரக் குழியில், தெளிந்துவிடும் என்று நம்பி உட்கார வைத்தோம். உடனே சாமியைக் குறை சொல்கிறான் என்று சண்டைக்கு வராதீர்கள், கோயில் கொடைக்கு ஒரு வருஷமும் வரி பாக்கி வைக்காதவன் நான். அங்கே நடக்கும் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இப்போதும் போகிறோம். தம்பி மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறான், அவ்வளவுதான்.

சித்தப்பா ஒருவர், "எங்கயாவது கொண்டுபோய் விடுங்க, கட்டிப்போட்டுப் பாத்துக்கிடுவாங்க" என்றார். 2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்தபோது ஓட முடியாமல் சங்கிலியோடு கருகிய 28 பேரை அப்பா மறக்கவில்லை. சித்தப்பாவை வெளியே போகச் சொல்லிவிட்டார். (2017 மனநலச் சட்டப்படி சங்கிலி போடுவதே கூடாது.)   

அப்பாவும் உங்களைப் போல மதுரை என்றுதான் ஆரம்பித்தார். அம்மா விடவில்லை. "பல்லு வலிச்சா பாளையங்கோட்டைக்குப் போறோம், இதுக்கு மட்டும் என்னத்துக்கு மதுரை?" பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் இருக்கிற அரசுப் பெரியாஸ்பத்திரிக்கே கூட்டிப்போனோம். அங்கே மாத்திரை இலவசம். வரிசையில் எங்கள் தெரு வாத்தியார் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

நான் டாக்டர் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன். மாத்திரை பிடிக்கச் சில வாரம் ஆகும். தெளிந்ததும் இனி எதற்கு என்று தோன்றும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் பல பேருக்குத் திரும்ப வந்துவிடும். ரகசியமாகத் தூரத்தில் காட்டுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். பஸ் செலவு, லீவு, பக்கத்து வீட்டுக்குச் சொல்ல ஒரு பொய். ஒரு மாதம் தள்ளிப்போகும், அடுத்த மாதம் விட்டேபோகும்.

ஊரைக் கூட்டிச் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. டாக்டரும் வெளியே சொல்லக்கூடாது, சட்டமே இருக்கிறது. எங்கள் அம்மாதான் கேட்டவர்களுக்கெல்லாம் "மனசு சரியில்ல, மாத்திரை சாப்பிடுதான்" என்று பட்டென்று சொன்னாள். அதற்கு மேல் கிசுகிசுக்க யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. தங்கைக்கு வந்த ஒரு வரன் கலைந்தது, உண்மைதான். அடுத்து வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் பூ வைக்கும் முன்பே சொன்னோம். தம்பி என்ன வேலை பார்க்கிறான் என்று மட்டும் கேட்டார்கள்.

முதலில் தம்பியோடு 14416-க்குப் பேசிப் பாருங்கள். டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரியும் எடுப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டுகளையெல்லாம் ஒரு பைலில் போட்டு வையுங்கள். டாக்டர் மாறினால் முதலில் கேட்பது அதைத்தான்.